பக்கத்தில் நிற்கிற பெண்ணின் சம்மதம்

1

எங்க கல்யாணத்துக்கு வீடியோ கிடையாது. போட்டோவும் ஒண்ணே ஒண்ணுதான். பதிவு ஆபீஸ் வாசல்ல ஜெராக்ஸ் கடைக்காரர் தன் போன்ல எடுத்துக் குடுத்தது. அதுல பாலு கேமராவப் பார்த்துச் சிரிக்கிறார். நான் ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். எங்க ஆளுக யாராச்சும் வண்டியில வந்து இறங்கிருவாங்களோன்னு பயம்.

போன வருஷம் கல்யாண நாளன்னைக்கு ஆபீஸ்ல எனக்கு கேக் வாங்கி வச்சிருந்தாங்க. நாங்க ஸ்காட்லாந்துல ஒரு ஊர்ல இருக்கோம். எந்த ஊருன்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். இதுல வர்ற பேரெல்லாமும் மாத்தின பேர்தான். என் வேலை, டிவிக்குப் படம் எடுக்கிறவங்களுக்குப் பழைய வீடியோ தேடிக் குடுக்கிறது. தேடினா மட்டும் போதாது. அதை எடுத்தது யார், இப்ப அது யாருக்குச் சொந்தம், அதுல முகம் தெரியிறவங்க யார் யார், எல்லாரையும் கண்டுபிடிச்சு, சம்மதம் வாங்கி, வக்கீல் கையில குடுக்கணும். ஒரு மனுஷன் அஞ்சு நொடி சிரிச்சிருப்பான். அந்தச் சிரிப்புக்கு அஞ்சு பக்கம் எழுத்து வேலை.

எங்க தயாரிப்பாளர் பேர் ஃபியோனா. நல்ல மனசு, கையும் வாயும் சும்மா இருக்காது. வாய் நிறைய கேக்கோட கேட்டா: "உங்க ஊர்ல கல்யாணம்னா ஊரே வருமாமே, உன் கல்யாண வீடியோவக் காட்டேன்!"

"எங்க பக்கம் அந்தக் கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு"ன்னு ஒரு பொய்ய அவுத்து விட்டேன். அவ கண்ணு விரிஞ்சதப் பார்க்கணுமே. உலகத்துச் சின்ன ஊர்க் கல்யாணங்களப் பத்தி அவ ஒரு தொடர் எடுக்கிறதா இருந்தா. பளபளப்பா எடுத்தது வேணாம், கேமரா ஆடணும், கலர் மங்கியிருக்கணும், நிஜ ஜனம் இருக்கணும்னு தவியாத் தவிச்சுக்கிட்டிருந்தா. "கேசட்டா! உங்க ஊர்ல கேசட் இருக்கா! நீதான் அந்த ஊர்க்காரியாச்சே, தேடு"ன்னுட்டா.

வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்.

2

என் பயத்தச் சொல்லாம மேல போக முடியாது.

எங்க அய்யாவுக்குத் திண்டுக்கல்லத் தாண்டி ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் தோட்டம். கிணறு இருந்துச்சு, முருங்கையும் பூச்செடியும் இருந்துச்சு. அம்மா நான் சின்னப் புள்ளையா இருக்கையிலயே போயிட்டா. என்னை வளர்த்தது பாதி அய்யா, பாதி எங்கண்ணன் தங்கராசு. பாலுவுக்குத் திண்டுக்கல் டவுனுக்குள்ள நாகல் நகர். காலேஜ்ல பழக்கம். அவர் ஜாதி வேற. இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல, நீங்க அங்கேயே இருக்கிறவங்க.

நாங்க கிளம்பிப் போன மறுநாள் காலையில எங்கண்ணன் ஆள் கூட்டிக்கிட்டு பாலு வீட்டுக்குப் போனான். கதவை உடைச்சாங்க. குறுக்கே நின்ன பாலுவோட அப்பாவுக்குக் கை முறிஞ்சு போச்சு. அந்தக் குடும்பம் ஊரைக் காலி பண்ணித் திருப்பூருக்குப் போச்சு. சாயங்காலம் அண்ணன் பாலு போனுக்குக் கூப்பிட்டான். நான்தான் எடுத்தேன். "எங்கிட்டுப் போனாலும் தேடி வந்து ரெண்டு பேரையும் வெட்டுவேன், எழுதி வச்சுக்க"ன்னான். என் தலையில பேன் பார்த்து, சைக்கிள்ல ட்யூஷனுக்குக் கூட்டிட்டுப் போன அதே ஆளுதான். பதினாலு வருஷமா என் காதுல கிடக்கிற கடைசிப் பேச்சு அதுதான்.

இங்க வந்து என்னமோ பெரிய வாழ்க்கைன்னு ஊர்ல நினைப்பாங்க. நான் எப்படி வாழ்றேன்னா, எந்தப் படத்துலயும் முகம் காட்டாம வாழ்றேன். கோயில்ல தமிழ்க் குடும்பத்தப் பார்த்தா தூணுக்கு அந்தப் பக்கம் போயிருவேன். "எந்த ஊருங்க?"ன்னா, "மதுரைப் பக்கம்". குடியுரிமைக்கு எழுதினப்ப, இந்தியாவுல நெருங்கின சொந்தம் யார்னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஒருத்தரும் இல்லைன்னு எழுதினேன். அந்த அதிகாரி என்னைப் பரிதாபமாப் பார்த்து, "எல்லாருமே இறந்துட்டாங்களா?"ன்னார். தலைய ஆட்டி வச்சேன், வேற என்ன பண்ண?

ஒருநாள் சூப்பர் மார்க்கெட்ல கோதுமை மாவுப் பக்கத்துல பெரிய மீசை வச்ச ஒருத்தர் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். வண்டியையும் சாமானையும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்துட்டேன். அப்புறம் பார்த்தா, அவர் பஞ்சாபி. எனக்குப் பின்னாடி இருந்த ஊறுகாய் பாட்டில எடுக்கக் காத்துக்கிட்டு நின்னிருக்கார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

3

திண்டுக்கல் பக்கமே தலை வச்சுப் படுக்கக் கூடாதுன்னுதான் தேட ஆரம்பிச்சேன். திருநெல்வேலியில ஒரு ஸ்டூடியோ, கரூர்ல ஒண்ணு, மதுரையில நாலஞ்சு. எல்லா இடத்துலயும் ஒரே பாட்டு. பூஞ்சை பிடிச்சுப் போச்சுன்னு கேசட்டையெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சு. நான் சொன்ன பொய் நிஜமாவே பூஞ்சையாப் பூத்துக் கிடந்துச்சு.

கடைசியா மதுரைக்காரர் ஒருத்தர் சொன்னார்: "நாகல் நகர்ல முருகேசன்னு ஒரு ஆளு. கேசட்ட எல்லாம் பெத்த புள்ளையாட்டம் வச்சிருக்காப்ல." நம்பர் வாங்கிட்டு ஒரு வாரம் சும்மா கிடந்தேன். ஃபியோனா தினமும் கேட்டா. முருகேசனுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவரத் தெரியாது. மாத்தின பேர்லதான பேசப் போறோம்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

ரேடியோவுல செய்தி வாசிக்கிற தமிழ்ல ஆரம்பிச்சேன். "வணக்கம், நான் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து பேசுகிறேன்."

"இன்சூரன்ஸா மேடம்? வேணாம் மேடம்"ன்னு வச்சுட்டார்.

மூணாவது தடவைதான் நம்பினார். பீரோ நிறைய கேசட், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தியும் வச்சிருக்காராம். ஏன்னு கேட்டேன். "வீட்டுல பெரியவுக யாரும் தவறிட்டா, அவுக நடந்து வர்றதப் பாக்கணும்னு என்கிட்டத்தான் வந்து நிப்பாக மேடம். போட்டோ நடக்குமா?"ன்னார். எனக்கு அந்த மனுஷனை உடனே பிடிச்சுப் போச்சு.

அங்கதான் ஆபத்தும். பிடிச்ச ஆளோட பேசுறப்ப நாக்கு கட்டுல நிக்காது. ரெண்டாவது நாளே வாசல்ல யாரோ பெல் அடிக்க, "செத்த நேரம் இருங்கண்ணே, இந்தா வாரேன்"னு சொல்லித் தொலைச்சேன்.

திரும்பி வந்தா, அந்தப் பக்கம் ஒரே சந்தோஷம். "ஏத்தா, நீ எங்கூருப் புள்ளையா?"

"மதுரைப் பக்கம்ணே."

"மதுரையில எந்தப் பக்கம்?"

"அது... அந்தப் பக்கந்தான்ணே."

அதுலருந்து மேடம் போயி தாயி ஆயிருச்சு. இங்க ஆபீஸ்ல எனக்கு நேர் எதிர் கதை. ஊர்ல பேசுற மாதிரி ஒருதரம் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' போறேன்னு சொல்லிட்டு லீவு எடுத்தேன். எந்த ரயில்வே ஸ்டேஷன்னு ஒரு வாரம் கேட்டுச் சிரிச்சாங்க. இத்தனை வருஷத்துல இங்க யார்கிட்டயும் பேசிச் சிரிக்காததெல்லாம் முருகேசண்ணன்கிட்ட வாய்ஸ் மெசேஜ்ல பேசிச் சிரிச்சேன். மதியம் சாப்பாட்டு நேரத்துல அவர் மெசேஜைக் கேட்கிறதுக்காகவே தனியாப் போய் உட்கார்ந்துக்குவேன்.

ஒப்பந்தத்த ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொன்னேன். "இந்தக் காட்சிகளை உலகம் முழுக்க, எல்லா ஊடகத்திலும், என்றென்றைக்கும் பயன்படுத்தலாம்."

"என்றென்றைக்குமா? நான் எடுத்த கல்யாணத்துலயே பாதிக்கு அம்புட்டு கேரண்டி கிடையாதே தாயி!"

பொண்ணு மாப்பிள்ளையத் தாமரைப் பூவுக்குள்ள வச்சு மிக்ஸிங் பண்ணின காப்பியத்தான் முதல்ல பெருமையா அனுப்பினார். பின்னாடி முழுக்க சினிமாப் பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியா உரிமை வாங்கணும்னேன். "கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டதுக்கா?"ன்னு மலைச்சுப் போயிட்டார். நல்லவேளை, மிக்ஸிங் பண்ணாத ஒரிஜினலும் வச்சிருந்தார். நல்லதாப் பத்துப் பன்னெண்டு கல்யாணம் பொறுக்கி, எங்க ஆபீஸ் லிங்குக்கு நேரா ஏத்தி விட்டார்.

காகிதத்துல கையெழுத்து வாங்கச் சொன்னதுக்கு ஒரு யோசனை சொன்னார். "நம்ம சனம் வெள்ளைத் தாள நீட்டினா பத்திரமோ என்னமோன்னு பயப்படும் தாயி. நான் கேமராவுலயே பேரச் சொல்லிச் சம்மதம்னு சொல்ல வச்சு எடுத்துர்றேன்." எங்க வக்கீலம்மா மார்கரெட், அது இன்னும் நல்லதுன்னு ஒத்துக்கிட்டாங்க.

4

அந்தக் கல்யாணங்கள ஒவ்வொண்ணாப் பார்த்து, எத்தனாவது நிமிஷத்துல என்ன இருக்குன்னு குறிச்சுக்கிட்டு வந்தேன். வீட்டுல சாப்பாட்டு மேசையில உட்கார்ந்துதான் செஞ்சேன். ஆறாவது கல்யாணம். சின்னாளப்பட்டிப் பக்கம் ஒரு மண்டபம். கேமரா உள்ள வருது, வாழைமரம், நாயனம், பந்தியில இலை போடுறாங்க. யாரோ ஒரு அம்மா, "ஏய், கேமராக்காரரே, இங்கிட்டு எடுங்க"ன்னு கத்துது.

அந்தக் குரலக் கேட்டதும் என் கை நின்னு போச்சு. அது எங்க அத்தை. அது எங்க அத்தை மக கல்யாணம்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. கேமரா வாசலுக்குத் திரும்புச்சு. எங்கண்ணன் நிக்கிறான். இருபது வயசு, மீசை இப்பத்தான் முளைச்சிருக்கு, கையில பன்னீர்ச் செம்பு. வர்றவங்களுக்கெல்லாம் மரியாதையாத் தெளிச்சுக்கிட்டே இருக்கான். பக்கத்துல சந்தனத் தட்டோட சுங்குடித் தாவணி போட்ட ஒரு பொண்ணு. யாரும் பார்க்கலன்னு நினைச்சு அவன் செம்ப அப்படியே திருப்பி அவ மூஞ்சியில பன்னீர அடிக்கிறான். அவ வாய விட்டுச் சிரிச்சுக்கிட்டே, சந்தனக் கையால அவன் கன்னத்துல ஒண்ணு வைக்கிறா. ரெண்டு பேரும் சேர்ந்து கேமராவப் பார்த்து விழிக்கிறாங்க.

அந்தப் பொண்ணு நான்தான். எனக்கு அப்பப் பதினஞ்சு வயசு.

அந்த இடத்துல வீடியோவ நிறுத்தினேன். என் மகள் காவ்யா எப்ப வந்து பின்னாடி நின்னாளோ தெரியாது. பதினோரு வயசு அவளுக்கு. நான் தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்ற வயசு. "யார் அது?"ன்னு கேட்டா. வேலைக்காகப் பார்க்கிற வீடியோ, யாரோன்னு சொன்னேன். அவ ஆப்பிளைக் கடிச்சுக்கிட்டே, "அந்த அண்ணன் நல்ல அண்ணன் மாதிரி இருக்கான்"னு இங்கிலீஷ்ல சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டா. தனக்கு ஒரு மாமன் இருக்கிறதே அவளுக்குத் தெரியாது.

அந்த வீடியோ எங்களுக்கு ஒத்துவராதுன்னு எழுதி ஓரங்கட்டிரலாம்னு மறுநாள் ஆபீஸ் போனேன். ஃபியோனா எனக்கு முன்னாடியே லிங்கைத் திறந்து பார்த்திருந்தா. "அந்தப் பன்னீர்ப் பையன்! அந்தப் பொண்ணு! தொடரே அவங்க ரெண்டு பேர்லதான் தொடங்குது!"ன்னு குதிச்சா. அவளுக்கு அடையாளம் தெரியல. தாவணி போட்ட அந்த ரெட்டைச் சடைக்கும், கண்ணாடி போட்டுக் குட்டை முடியோட நிக்கிற எனக்கும் அவ எப்படி முடிச்சுப் போடுவா?

முகத்தை மங்கலாக்கிரலாம்னேன். "சிரிப்பை மங்கலாக்கிட்டா அப்புறம் அதுல என்ன இருக்கு?"ன்னா. மார்கரெட் குறிப்பு அனுப்பிட்டாங்க: ரெண்டு முகமும் தெளிவாத் தெரியுது, ரெண்டு பேர் சம்மதமும் கட்டாயம் வேணும்.

ஃபியோனாகிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேட்பீங்க. சொன்னா என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியும். "ஐயோ, அப்ப உன் கதையவே படமா எடுப்போம்"னு கட்டிப் பிடிச்சுக்குவா. எனக்கு அந்தப் பயம் வேற.

5

முருகேசண்ணனுக்கு மட்டும் அவசரமா ஒரு வாய்ஸ் அனுப்பினேன். "அண்ணே, சின்னாளப்பட்டி மண்டபத்துல பன்னீர் தெளிக்கிற பையன், பக்கத்துல நிக்கிற பொண்ணு, அவுக ரெண்டு பேர மட்டும் தேட வேணாம்ணே. தயவு செஞ்சு வேணாம். நாங்க அத வெட்டிர்றோம்."

மறுநாள் மதியம் பதில் வந்துச்சு. குரல்ல அப்படி ஒரு வெற்றி.

"தாயி, நீ எதுக்குக் கவலப்படுற? அண்ணன் இருக்கேன்ல! நேத்தே ஆளப் பிடிச்சாச்சு. தங்கராசுன்னு பேரு, ரெட்டியார்சத்திரத்துப் பக்கம். மொதல்ல நம்பலத்தா. வெளிநாட்டு டிவின்னு சொல்லி ஓடிபி கேப்பானுகன்னு சொல்லிட்டாரு. நான் விடுவனா? நீ பேசின வாய்ஸ் இருக்குல்ல, இத்தன மாசத்து வாய்ஸ் அம்புட்டையும் அவருக்குப் பார்வேர்டு பண்ணிவிட்டுட்டேன். நம்ம பக்கத்துப் பொண்ணுதான் பேசுது, நீங்களே கேளுங்கன்னேன். இப்ப வந்துச்சே, வேணாம்ணேன்னு, அதையுங்கூட அனுப்பிட்டேன். அந்தப் பொண்ணு உங்களுக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு நினைக்குது பாருங்க, எம்புட்டு நல்ல மனசுன்னு!"

ஊர்ல இது ஒரு தப்பே இல்ல. ஒரு ஆள் மேல சந்தேகம்னா அந்த ஆள் குரலை நாலு பேருக்கு அனுப்பி, கேட்டுக்கங்கன்னு சொல்றதுதான் நம்ம வழக்கம். கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கிறதுலருந்து நெலம் வாங்கிறது வரைக்கும் அப்படித்தான் நடக்குது. அவர் மேல எனக்குக் கோபம்கூட வரல. போனைக் கவுத்து வச்சுட்டு, ஒப்பந்தத்த எடுத்து முதல் பக்கத்துலருந்து படிச்சேன்.

என் குரல் எங்கண்ணனுக்குத் தெரியாதா? அம்மா இல்லாத வீட்டுல அந்தக் குரலுக்குத்தான் அவன் பள்ளிக்கூடத்துலருந்து ஓடி வருவான். ஒப்பந்தத்துல எங்க கம்பெனி பேரு இருக்கு, விலாசம் இருக்கு, ஊரு இருக்கு. பதினாலு வருஷம் ஒளிச்சு வச்சத நானே உறையில போட்டு அனுப்பியிருக்கேன்.

பாலு ஆஸ்பத்திரி லேப்ல வேலை பார்க்கிறார். விஷயத்தச் சொன்னதும் அரை நாள் லீவு போட்டுட்டு வந்து வாசக் கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டார். "திண்டுக்கல்லுக்காரிக்குப் பூட்டுக்கா பஞ்சம்?"னு சிரிக்கப் பார்த்தார். மாட்டின ஸ்குரூவையே கழட்டித் திரும்பத் திரும்ப மாட்டினார். அவங்கப்பாவுக்கு முறிஞ்ச கை கடைசி வரைக்கும் நேராகல. அதை அவர் என்கிட்ட ஒருதரம்கூடச் சொல்லிக் காட்டினதில்ல.

ஆபீஸ் இணையதளத்துல இருந்த என் பேரை எடுக்கச் சொன்னேன். காவ்யா பள்ளிக்கூடத்துல, எங்களத் தவிர யார் வந்தாலும் புள்ளையக் கூட அனுப்பாதீங்கன்னு எழுதிக் குடுத்தேன். அவளுக்கு அவமானமாப் போச்சு. "எல்லாரும் தனியாத்தான் நடந்து வர்றாங்க, உனக்கு என்னம்மா ஆச்சு?"ன்னு அழுதா. என்ன ஆச்சுன்னு அவகிட்ட எந்த மொழியில சொல்ல?

போலீசுக்கும் போன் பண்ணினேன். பொறுமையான அம்மா. பேரை எழுத்தெழுத்தாக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அந்த ஆள் சமீபத்துல மிரட்டினாரா? இல்ல. கடைசியா எப்ப? பதினாலு வருஷம் முன்னாடி. இப்ப எந்த நாட்டுல இருக்கார்? இந்தியாவுல. ஒரு குறிப்பு நம்பரக் குடுத்து, "எதுவும் நடந்தா உடனே கூப்பிடுங்க"ன்னாங்க. நடந்தப்புறம் யார் கூப்பிடுறது?

அந்தப் பக்கமிருந்து ஒரு வாரமா ஒரு சேதியும் இல்ல. பெல் அடிச்சா, பார்சல்காரர்னு தெரிஞ்சும் மாடியில போய் நின்னுக்குவேன். ஊர்ல அவனுக்குப் பாஸ்போர்ட் இருக்கான்னு யோசிப்பேன். இங்க இருக்கிற யாரையாச்சும் அனுப்பினா, பாஸ்போர்ட் எதுக்குன்னும் யோசிப்பேன்.

6

வெள்ளிக்கிழமை மதியம் ஒரு வீடியோ வந்துச்சு. முருகேசண்ணன் அனுப்பினது. தனியாப் பார்க்கத் தைரியமில்ல. பாலு வர்ற வரைக்கும் திறக்காம வச்சிருந்து, ரெண்டு பேரும் சமையக்கட்டுல நின்னு பார்த்தோம்.

முருங்கைத் தோப்பு. எங்க தோட்டந்தான். ஒரு பெரிய ஆள் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறார். முன்மண்டை வழுக்கை, தாடியெல்லாம் நரை. எங்க அய்யான்னே நினைச்சேன். அப்புறந்தான் அண்ணன்னு தெரிஞ்சுச்சு. கேமராவுக்குப் பின்னாடியிருந்து முருகேசண்ணன் குரல்.

"பேரச் சொல்லுங்க தம்பி. இங்க பாத்து."

"தங்கராசு."

"கல்யாண வீடியோவுல பன்னீர் தெளிக்கிறது நீங்கதானே? டிவியில போடச் சம்மதமா?"

"நாந்தேன். போட்டுக்கட்டும்."

"பக்கத்துல நிக்கிற புள்ள யாரு?"

 அவன் துண்டை எடுத்து முகத்தத் துடைச்சுக்கிட்டான்.

"எந்தங்கச்சி."

"அதோட சம்மதமும் வேணுமாம் தம்பி. இப்ப எங்கன இருக்கு?"

"செத்துப் போச்சு."

"அடக் கடவுளே! எப்ப தம்பி?"

"அது ஆச்சு, ரொம்ப வருசம். எங்கய்யா அவளத் தல முழுகி, கருமாதியும் பண்ணிட்டாரு. எங்கய்யாவும் போன தையில தவறிட்டாரு. இனிமே அவள ஏன் எதுக்குன்னு கேக்க இங்கிட்டு யாரும் இல்ல. நான் ஒருத்தந்தேன்." அவன் கேமராவுக்கு நேரா நிமிர்ந்து பார்த்தான். "நானும் கேக்க மாட்டேன். அந்தம்மாட்ட சொல்லுங்கண்ணே. பயப்படாமப் போடச் சொல்லுங்க."

அதோட முடிஞ்சுச்சு.

பாலு இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவை. "விட்டுட்டான் புள்ள. உன் குரல்னு தெரிஞ்சுதான் சொல்றான். உங்கண்ணன் விட்டுட்டான்"னு நாற்காலியில உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல.

எனக்கு அழுகை வரல. நம்பலாமான்னு பயம். ஆசை காட்டி வெளிய இழுக்கப் பார்க்கிறானோன்னு பயம். அந்தப் பயத்துக்கு அடியில மெதுவாத்தான் மத்தது ஏறுச்சு. அய்யா போயிட்டார். போன தை மாசம். அப்ப நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்? பொங்கல் வச்சேன். புகை ஏறி வீட்டு அலாரம் அடிச்சு, அதைக்கூட முருகேசண்ணனுக்கு வாய்ஸ்ல சொல்லிச் சிரிச்சேன். அந்த வாய்சும் இப்ப அண்ணன்கிட்ட இருக்கு. அய்யா போய்ச் சேர்ந்த மாசத்துல நான் சிரிக்கிறத அவன் கேட்டிருப்பான்.

7

திங்கக்கிழமை வீடியோவ மார்கரெட்டுக்கு மொழிபெயர்த்துக் குடுத்தேன். வரி வரியா, ஒண்ணையும் விடாம. அவங்க ஒரே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. இறந்தவங்களுக்குச் சம்மதம் தேவையில்ல. சட்டப்படி அவங்களுக்கு அந்த உரிமை கிடையாது. கூடப்பிறந்தவரே கேமராவுல சொல்லிட்டதால வேற அத்தாட்சியும் வேணாம்.

நான் பட்டியல்ல டைப் பண்ணினேன். பன்னீர் தெளிக்கும் ஆண்: சம்மதம் பெறப்பட்டது. பக்கத்தில் நிற்கும் பெண்: இறந்துவிட்டார்.

உயிரோட இருக்கா, சம்மதிக்கலன்னு போட்டிருக்கலாம்தான். ரெண்டு மூணு தடவை அழிச்சு அழிச்சுப் பார்த்தேன். ஆனா அப்படிப் போட்டா, அவ எங்க இருக்கான்னு அடுத்த கேள்வி வரும். செத்தவளா இருக்கிறதுதான் எனக்குப் பத்திரம். அதைத்தான் எங்கண்ணனும் எனக்குக் குடுத்து விட்டிருக்கான். சீர் வரிசை மாதிரி இதை வாங்கிக்கிறதா, மூஞ்சியில வீசுறதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ஃபியோனா என் மேசைக்கு வந்தா. திரையில அந்தப் பொண்ணு வாய விட்டுச் சிரிச்ச இடத்துல நிறுத்தி வச்சிருந்தேன். "செத்துட்டாளா? ஐயோ, எவ்வளவு உயிரா இருக்கா பாரு. எப்படிச் செத்தா?"

"தெரியல. சொல்லல"ன்னேன்.

அவ கண்ணு கலங்கிருச்சு. நிஜமாவே கலங்குச்சு. என் தோள்ல கைய வச்சு, "அந்தக் குடும்பத்துக்கு நம்ம எல்லார் சார்பாவும் வருத்தத்தச் சொல்லிரு"ன்னா.

நேத்து மதியம்தான் சொன்னேன். கார் நிறுத்துற இடத்துல, ஆள் இல்லாத மூலையில நின்னுக்கிட்டு, முருகேசண்ணனுக்கு வாய்ஸ் அனுப்ப ஆரம்பிச்சேன். செய்தி வாசிக்கிற தமிழ்லதான் ஆரம்பிச்சேன். ரெண்டு வார்த்தைக்கு மேல அது வரல.

"அண்ணே, வீடியோ வந்துச்சுண்ணே. அவர் தங்கச்சிக்காக எங்க ஆபீஸ்ல எல்லாரும் வருத்தப்பட்டாகன்னு சொல்லிருங்க. அவுகய்யா தவறினதுக்கும் வருத்தப்பட்டாகன்னு சொல்லுங்க. அண்ணே, அய்யா... அவுகய்யா கடைசியில ரொம்பச் சிரமப்பட்டாரான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. யாரையும் கேட்டாரான்னு கேளுங்க."

ஒரு டிவி கம்பெனி கேட்கிற கேள்வியில்ல அது. முருகேசண்ணன் அதை அப்படியே பார்வேர்டு பண்ணுவார்னும் எனக்குத் தெரியும். 

அனுப்பிட்டேன்.